லூக்காஸின் இருநூறு மீட்டர் வாட்ச்

"அச்சாறு போத்தல் மூடியில ஈந்த ரப்பர் எங்கேன்னு தானே கேக்குறேன்? அதுக்கு ஏன் கூரையப் பாக்குறீங்க?"

"ரப்பர் தானே ஸுபைரா. எங்கயாவது விழுந்திருக்கும்."

"மூணு போத்தல்ல ஈந்த மூணு ரப்பரும் ஒரே நாள்ல விழுமா? கத்தரிக்கோல் பட்ட அடையாளம் எனக்குத் தெரியாதா? போன கிழம ஸ்கூல் மாஸ்டர் வந்து செல்லிட்டுப் போறாரு, கைய மூக்குக்குக் கிட்ட கொண்டு போனா அச்சாறு மணக்குதாம். பிள்ளைகள் சிரிக்குதாம்!"

"அவரு கையில கட்டின உருலோசுல நேரம் பாக்கணும். மோந்து பாக்க யாரு சொன்ன?"

பதுளை பஸார் தெருவில் ஹாஷிம் நானாவின் கடிகாரக் கடை வாசலில் லூக்காஸ் குடையை மடக்கியபடி நின்றான். உள்ளே போவதா, சண்டை முடியட்டும் என்று நிற்பதா என்று தெரியவில்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு சீலைத் திரை. மழை வேறு. எழுபத்தைந்தாம் வருஷம் கார்த்திகை மாதம், பதுளையில் பத்து நாளாகத் துணி காயாத மழை.

திரையை விலக்கிக்கொண்டு நானாவின் மனைவி ஸுபைரா எட்டிப் பார்த்தார். லூக்காஸைப் பார்த்தார். அவன் கையில் இருந்த கைக்குட்டைப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"ஒங்களுக்கும் தண்ணி போகாம அடைக்கணுமா தம்பி?"

"ஆமாங்க."

"அப்ப ரப்பர ஊர்ல இருந்து கொண்டு வாங்க. என்ட குசினியில இனி ஒண்டும் இல்ல." திரை விழுந்தது.

ஹாஷிம் நானா ஒன்றும் நடக்காததுபோல லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்தார். அந்தக் காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைக்கு வருவதில்லை. கண்ணாடி இல்லை, ரப்பர் வளையம் இல்லை, முள் இல்லை. ஹாஷிம் நானா கிடைத்ததை வைத்துத்தான் வேலை செய்தார். செய்ததில் பாதிக்கு மேல் ஓடியது. அதனால் அவருக்குப் பெயர் இருந்தது.

பொட்டலத்தில் இருந்தது ஒரு டைவிங் வாட்ச். கடலுக்குள் முங்குகிறவர்கள் கட்டுவது. கறுப்பு முகம், தடித்த எண்கள், சுற்றிலும் திருகுகிற வளையம். முகத்தில் 'இருநூறு மீட்டர்' என்று எழுதியிருந்தது. குவிந்த கண்ணாடியில் பத்திலிருந்து நாலு வரைக்கும் ஒரே கோடாக வெடிப்பு.

"அடி பலமா விழுந்திருக்கே. என்னத்துல பட்ட?"

"பீலியில நானா. மலத்தண்ணி கொட்டுற எடத்துல."

"கடல்ல முங்குற உருலோச பீலியில கொண்டு போய் ஒடச்சீங்களா?"

லூக்காஸ் குடை நுனியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தான். 

அந்த வாட்ச் அவனுக்கு மனைவி மரியகொரட்டியின் அண்ணன் ஞானசீலன் கொடுத்தது. ஞானசீலன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து கப்பல் ஏறிய ஒரே ஆள். நாலு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது லயமே கூடி நிற்க, ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, வாட்சை அதற்குள் போட்டு, ஒன்று, இரண்டு என்று பத்து வரைக்கும் எண்ணி வெளியே எடுத்தார். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அதை லூக்காஸின் கையில் கட்டிவிட்டு, "மாப்பிள்ள, இது ஒங்க கையில இருக்கற வரைக்கும் எங்க குடும்பத்து மானமும் அதுல இருக்கு" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் அந்தச் செம்பு விளையாட்டு நடந்தது. பிள்ளைகள் எண்ணுவார்கள், பெண்கள் கைதட்டுவார்கள். மரியகொரட்டிக்கு அன்றைக்குத் தலை கொஞ்சம் உயரமாக நிற்கும்.

அடுத்த லயத்து இராமையாவுக்கு மட்டும் அதில் நம்பிக்கை கிடையாது. "இருநூறு மீட்டர்னா ஆழமா, தூரமா லூக்காஸு? செம்பு ஒரு சாண் தானே இருக்கு?" என்று அவன் பீலிக்கரையில் எல்லோர் முன்னாலும் கேட்டது போன ஞாயிற்றுக்கிழமை. லூக்காஸுக்கு ரோசம் வந்துவிட்டது. சோப்புக் கையோடு வாட்சைக் கழற்றி, கொட்டுகிற தண்ணீரில் நீட்டினான். மலைத்தண்ணீர் வேகம். வாட்ச் கையைவிட்டு வழுக்கி, துணி துவைக்கிற கல்லில் விழுந்தது.

இராமையா அன்றைக்கே, "நான் வாயத் தொறக்க மாட்டேன், எம்மேலயும் பாதிப் பழி இருக்கு" என்று சத்தியம் செய்துவிட்டான். வார் அறுந்துவிட்டது, தைக்கக் கொடுக்கிறேன் என்று மரியகொரட்டியிடம் சொல்லி வைத்திருந்தான் லூக்காஸ்.

"ஞாயித்துக்கெழம பொண்ணுக்கு ஞானஸ்நானம், நானா. மச்சான் தான் ஞானத்தகப்பன். சனிக்கெழம சாயந்தரம் வந்துருவாரு. வந்தா மொத வேல, செம்புல தண்ணி கேப்பாரு."

ஹாஷிம் நானா லென்ஸைக் கழற்றினார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "புதங்கிழம வாங்க."

மேசைக்கு அடியிலிருந்த தகர டப்பாவில் ஒன்பது வருஷமாக ஒரு குவிந்த கண்ணாடியை அவர் வைத்திருந்தார். பெயர்தான் கண்ணாடி, சாமான் பிளாஸ்டிக். அளவு ஒரு மயிரிழை பெரிது. இரண்டு நாள் அதன் விளிம்பை அரத்தாளில் உரசினார். உரசுவார், வைத்துப் பார்ப்பார், மறுபடி உரசுவார். பின்மூடிக்குச் சைக்கிள் டியூபில் வளையம் வெட்டினார். சாவி கொடுக்கிற திருகு உள்ளே போகிற துவாரத்துக்கும் ஒரு துண்டு. தண்ணீர் வருகிற வழி மூன்றுதான். கண்ணாடி, பின்மூடி, சாவி. மூன்றையும் அடைத்து, க்ரீஸ் தடவி, கண்ணாடியை நெருக்கி உட்காரவைத்து, பின்மூடியை இறுக்கினார். புதன்கிழமை லூக்காஸின் கண் முன்னாலேயே வாட்சைக் கிளாஸ் தண்ணீரில் போட்டுவிட்டுச் சோறு சாப்பிடப் போனார். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஸுபைராவிடம் இரண்டு பேச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோதும் வாட்ச் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பாருங்க. ஒரு சொட்டு இல்ல. ஹாஷிம் அடைச்சா அடைச்சதுதான்."

லூக்காஸ் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக பஸ் ஏறினான்.

பஸ் மலை ஏற ஏறக் குளிர் ஏறியது. லூக்காஸ் நேரம் பார்க்கக் கையைத் திருப்பினான். கண்ணாடிக்கு உள்பக்கம் புகை படிந்தமாதிரி இருந்தது. சட்டையால் துடைத்தான். போகவில்லை. இறங்க வேண்டிய இடம் வருவதற்குள் முள்ளும் தெரியவில்லை, எண்ணும் தெரியவில்லை. மூடுபனி இறங்கின தேயிலை மலையைக் கையில் கட்டிக்கொண்டு போனமாதிரி இருந்தது.

வியாழக்கிழமை மறுபடி பதுளை. மழை கொஞ்சம் விட்டு, கடைக்குள் புழுக்கம். ஹாஷிம் நானா வாட்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க தம்பி பனி?"

லூக்காஸ் எட்டிப் பார்த்தான். பளிங்குபோல இருந்தது.

"நேத்து இருந்துச்சு நானா. சத்தியமா. முள்ளே தெரியல."

"ஒங்க கண்ண ஆஸ்பத்திரியில காட்டுங்க."

திரைக்குப் பின்னாலிருந்து ஸுபைராவின் குரல் வந்தது. "அச்சாறு மணக்குதான்னும் கேளுங்க."

லூக்காஸ் ஊருக்குத் திரும்பினான். மூன்றாவது வளைவில் பனி வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குள் போகுமுன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

"வாரு தைச்சாச்சா?" என்றாள் மரியகொரட்டி. குழந்தைக்கு வெள்ளைக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"தைச்சாச்சு."

"அப்ப ஏன் கைய வெளிய எடுக்க மாட்டேங்கறீங்க?"

"குளிருது."

"ட்ரையர்கிட்ட நிக்கற ஆளுக்குக் குளிருதா?" அவள் ஊசியை நிறுத்தாமலேயே ஒரு பார்வை பார்த்தாள். லூக்காஸுக்குத் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் தூள் காயவைக்கிற ட்ரையரில் வேலை, அவளுக்கும் அதே ஃபேக்டரிதான். தூளில் கிடக்கிற காம்பு பொறுக்குகிற பெண்களில் அவள் கை வேகம். கண் அதைவிட வேகம். லூக்காஸ் மாலை முறைக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு ஓடினான்.

வெள்ளிக்கிழமை அவன் சாட்சிக்கு இராமையாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். வரும் வழியில் இரண்டு தடவை இராமையாவிடம் வாட்சைக் காட்டிப் பனியைப் பார்க்க வைத்தான். கடைக்குள் நுழைந்தபோது வாட்ச் மறுபடியும் பளிச்சென்று ஆகிவிட்டது.

"நான் கண்ணால பாத்தேன் மொதலாளி," என்றான் இராமையா. "உள்ளுக்குள்ள மேகமே நின்னுச்சு. மழை பெய்யலன்னு தான் சொல்லணும்."

"ரெண்டு பேருக்கும் ஒரே கண் வருத்தமா?"

லூக்காஸுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில்தான் அவனுக்கு யோசனை வரும். பக்கத்தில் ஸலீமின் சர்பத் கடை. ஓடிப்போய் ஒரு ஐஸ் கட்டியை வாங்கிவந்து, கேட்காமலேயே வாட்சின் மேல் வைத்தான். மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்தார்கள். ஐஸ் உருகிய இடத்துக்கு நேர் கீழே, கண்ணாடியின் உள்பக்கம், வட்டமாக ஒரு வெள்ளைப் படலம் மெதுவாக விரிந்தது.

"அல்லாஹ்," என்றார் ஹாஷிம் நானா.

"வந்துருச்சு பாத்தீங்களா!" என்றான் இராமையா, தன் வீட்டில் பிள்ளை பிறந்தமாதிரி.

"ஓட்ட இருக்கு நானா. தண்ணி உள்ள போயிருக்கு."

"ஓட்ட இல்ல!"

"அப்ப உள்ள இருக்கறது என்ன?"

"அது ஒங்கட தண்ணி. என்ட கடத் தண்ணி இல்ல!"

ஹாஷிம் நானா பின்மூடியைத் திறந்து பார்த்தார். ரப்பர் காய்ந்து கிடந்தது. துரு இல்லை, சொட்டு இல்லை. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷத்தில் கழற்றிய வாட்சுக்குக் கணக்கில்லை. வெளியிலிருந்து தண்ணீர் வராத வாட்சுக்குள் தண்ணீர் இருப்பதை அவர் பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலத்துக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. லூக்காஸ் வாசலைப் பார்த்தான். கொடியில் ஸுபைரா போட்ட துணி, பதினாலு நாள் மழையில் காயாமல், தொட்டால் பிசுபிசுக்கிற ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒன்று தட்டியது.

"நானா, நீங்க மூடும்போது மழை பெஞ்சுச்சா?"

"எப்ப பெய்யல்ல?"

"அப்ப இந்தக் காத்துல ஈரம் இருக்கு தானே. அந்தக் காத்தோட சேத்து அடைச்சிருக்கீங்க. இங்க சூட்டுல தெரியாது, எங்க குளிருக்குப் போனா கண்ணாடியில வந்து ஒட்டுது. தேயிலத் தூளும் இப்படித்தான். ஈரம் போகாம பெட்டியில அடைச்சா உள்ளயே கெட்டுப்போகும். வெளிய இருந்து ஒண்ணும் போக வேணாம்."

ஹாஷிம் நானா பின்மூடியை மேசையில் வைத்தார். பிறகு மெல்ல, "அப்ப நான் நல்லா அடைச்சதுதான் பிழையா?" என்றார். குரலில் வருத்தமும் இருந்தது, ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

"ரொம்ப நல்லா அடைச்சிட்டீங்க நானா. உள்ள இருக்கறதும் வெளிய வர முடியல."

"அடுப்புக்கிட்ட வச்சு மூடலாம்."

"குசினிப் பக்கம் வந்தா தெரியும்!" என்றது திரை.

"சோத்துப் பானை ஆவி வேற இருக்கும்," என்றான் லூக்காஸ். "நீங்க நாளைக்கு எங்க ஃபேக்டரிக்கு வாங்க. ட்ரையருக்கு சூட்டுக் காத்து போற பக்கம் நின்னீங்கன்னா ஒங்க நாக்கே காஞ்சு போயிரும். பதுளையிலயே அப்படி ஒரு காத்து கெடையாது."

ஹாஷிம் நானா பதுளையில் பிறந்து, தேயிலையைக் கிளாஸில் மட்டுமே பார்த்தவர். ஆனாலும், தான் மூடிய வாட்சுக்குள் மேகம் நிற்கிறது என்று இராமையா இனி பஸ்ஸில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை காலை, கடிகார வேலை ஆயுதங்களைச் சாப்பாட்டுக் கேரியரின் மேல் தட்டில் அடுக்கி, கீழ்த் தட்டில் ஸுபைரா வைத்த இடியப்பத்தோடு பஸ் ஏறினார். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். வேறு ஒரு குறையும் சொல்லவில்லை.

லூக்காஸ் அவரை விறகு இறக்குகிற பக்கமாக உள்ளே கூட்டிப் போனான். ட்ரையர் இரைந்துகொண்டிருந்தது. அடுப்பிலிருந்து சூட்டுக் காற்று போகிற குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஹாஷிம் நானா வாட்சைப் பிரித்துப் பரப்பினார். ஒரு மணி நேரம் எல்லாம் காயட்டும் என்று வைத்தார்கள். அவருடைய தாடியும் காய்ந்து விறைத்துக்கொண்டது.

"சரி. இப்ப கண்ணாடிய வச்சு மூடப் போறேன். ஆனா ஒண்டு தம்பி. மூச்சு விடப்படாது."

"ஏன் நானா?"

"கண்ணாடியில ஊதினா என்ன வரும்? ஈரம் தானே. நீங்களும் விடாதீங்க, நானும் விட மாட்டேன்."

இரண்டு பேரும் மூச்சை இழுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்கள். லூக்காஸ் நன்றாகத் தெரிய வேண்டும் என்று வாட்சின் முகத்துக்கு மேல் தலையை நீட்டிக் குனிந்தான். ஹாஷிம் நானா கண்ணாடியை வைத்து விளிம்பு சுற்றி அழுத்தினார். திருப்பினார்.  பின்மூடியைத் திருக ஆரம்பித்தபோதுதான் பின்னால் பூட்ஸ் சத்தம்.

"லூக்காஸ்? யாரு இது?"

டீமேக்கர் ஐயா. ஃபேக்டரிக்குள் அவர் சொல்தான் சட்டம்.

லூக்காஸ் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

"கேக்குறேன்ல? யாரு இந்த மனுசன்? இங்க என்ன செய்யறாரு?"

ஹாஷிம் நானா ஒரு கையால் திருகிக்கொண்டே, மறு கையை நெஞ்சில் வைத்து மரியாதையாகத் தலை அசைத்தார். முகம் பீட்ரூட்போல ஆகியிருந்தது. லூக்காஸின் கண் பிதுங்கியது.

"என்னய்யா, ரெண்டு பேரும் வாயில தண்ணி வச்சிருக்கீங்களா?"

கடைசிச் சுற்று. இறுகியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்ட மூச்சில் டீமேக்கரின் நெற்றி மயிர் பறந்தது. அவர் ஒரு அடி பின்னால் போனார்.

லூக்காஸ் எல்லாவற்றையும் சொன்னான். பீலி, கல், மச்சான், செம்பு, மேகம், ஒன்றையும் விடவில்லை. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தான். டீமேக்கர் வாட்சை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு, "நூத்துக்கு மூணு வீத ஈரத்துல மூடியிருக்கீங்க. எனக்குத் தூளே சில நாள் அப்படி வர்றதில்ல" என்று சொல்லிவிட்டு, தன் கையிலிருந்ததைக் கழற்றி ஹாஷிம் நானாவிடம் நீட்டினார். "இது ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பிந்துது. பாருங்க."

பீலித் தண்ணீரில் வைத்துப் பார்த்தார்கள். இந்தத் தடவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பனி வரவில்லை. ஹாஷிம் நானா கடைசி பஸ்ஸில் திரும்பிப் போனார்.

ஞாயிறு. பூசை முடிந்து, குழந்தைக்குப் பிரான்சிஸ்கா என்று பெயர் வைத்து, லயத்து வாசலில் எல்லோரும் கூடினார்கள். முந்தின இரவு பிந்தி வந்து சேர்ந்த ஞானசீலன் வெள்ளை முழுக்கைச் சட்டையில் நின்றார்.

"செம்பு கொண்டு வா தங்கச்சி."

லூக்காஸ் வாட்சைக் கழற்றி, தானே செம்புக்குள் போட்டான். பிள்ளைகள் எண்ணினார்கள். பத்து வந்ததும் ஞானசீலன் செம்புக்குள் கையை விட்டார். லூக்காஸ் தடுத்தான்.

"இருக்கட்டும் மச்சான். சாப்பிட்டு வந்து எடுப்போம்."

ஞானசீலன் முகம் ஒரு மாதிரி ஆனது. "வேணாம் மாப்பிள்ள, பத்து போதும்."

"இருநூறு மீட்டர் தானே மச்சான்?"

சாப்பாடு முடிகிறவரை ஞானசீலன் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இறைச்சித் துண்டை இலையில் அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வாட்சை எடுத்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. பளிங்கு. இராமையாதான் முதலில் கைதட்டினான். வாட்ச் கைக்குக் கை மாறியது. எல்லோரும் பார்த்தார்கள். மரியகொரட்டியின் கைக்கு வந்தது. அவள் பார்த்தாள், கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள், வெளிச்சத்தில் திருப்பினாள்.

"ஏங்க, இதுக்குள்ள காம்பு கெடக்கு."

யாருக்கும் விளங்கவில்லை. அவள் சுட்டிக்காட்டினாள். ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில், கடுகில் பாதி அளவில், சிவப்பாக ஒரு தேயிலைக் காம்பு.

"நம்ம ஃபேக்டரிக் காம்பு. பதினோரு வருசமா இதைத்தான் பொறுக்குறேன். தலையில ஒட்டிக்கிட்டு வருவீங்களே, அது. கப்பல்ல வந்த வாட்சுக்குள்ள நம்ம காம்பு எப்படிங்க போச்சு?"

லூக்காஸ் இராமையாவைப் பார்த்தான். இராமையா மலையைப் பார்த்தான். சொல்லாமல் தீராது என்று லூக்காஸ் சொல்லிவிட்டான். உடைத்ததை, ஒளித்ததை, மூச்சடக்கியதை. சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. மச்சான் முகத்தைப் பார்க்கவே அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஞானசீலன் அவன் தோளில் கைபோட்டு லயத்துக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். கூடவே போன மரியகொரட்டியைத் தடுக்கவில்லை.

"சாப்பிட்டு முடியற வரைக்கும் தண்ணி போகலியே மாப்பிள்ள. நெசமாவே போகலியா?"

"போகல மச்சான். நீங்களே பாத்தீங்க."

ஞானசீலன் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றிச் சுருட்டினார். அவர் கையில் அதே மாதிரி ஒரு வாட்ச். கறுப்பு முகம், இருநூறு மீட்டர். கண்ணாடிக்குள் மீன் வளர்க்கலாம்போலத் தண்ணீர்.

"தொறைமொகத்துல நடைபாதையில ரெண்டா வாங்குனேன். விக்கிறவன் சொன்னான், பத்து எண்ணுற வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல கேக்காதேன்னு. எனக்குப் போன வருசம் பதினொன்னு ஆயிருச்சு." தொண்டையைச் செருமினார். "வியாழக்கெழம கப்பலுக்குப் போகணும். அந்த நானா இதையும் பாப்பாரா?"

மரியகொரட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அண்ணனைவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே இன்னும் ஒரு தடவை கல்லில் போட்டு உடைக்கலாம் என்று லூக்காஸுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை மச்சானும் மாப்பிள்ளையும் பதுளைக்குப் போனார்கள். கண்ணாடி ஓரம் வழியாகத் தண்ணீர் புகுந்திருந்த ஞானசீலனின் வாட்சுக்குச் சரியான கண்ணாடி கிடைக்க வழியில்லாமல், ஹாஷிம் நானா ஒரு டைம்பீஸின் பிளாஸ்டிக் மூடியை வெட்டி உரசிப் பொருத்தினார். அது பத்து எண்ணியும் தாங்கியது, நூறு எண்ணியும் தாங்கியது. அதுவும் ட்ரையருக்குப் பக்கத்தில்தான் மூடப்பட்டது. இந்தத் தடவை டீமேக்கரும் சேர்ந்து மூச்சடக்கினார்.

தீராமல் இருப்பது காம்பு விவகாரம் மட்டும்தான். "என் கைக்குத் தப்பின காம்பு ஒண்ணு கூடக் கெடையாது, அது வெளிய வரணும்" என்கிறாள் மரியகொரட்டி. "தொறந்தா மறுபடி ஈரம் பூரும், நானா மறுபடி வாந்தி எடுத்துக்கிட்டு வரணும், கெடந்துட்டுப் போகட்டும்" என்கிறான் லூக்காஸ். ஹாஷிம் நானாவைக் கேட்டால், ஸுபைராவைக் கேளுங்கள் என்கிறார். ஆளுக்கு ஒரு பக்கம் நின்றுகொண்டு இன்னும் முடிவாகவில்லை. இதை வாசிக்கிற உங்களில் வாட்ச் வேலை தெரிந்தவர்களும் இருப்பீர்கள், புருஷன் பெண்சாதி விவகாரம் தெரிந்தவர்களும் இருப்பீர்கள். அந்தக் காம்பை எடுப்பதா, விடுவதா? இரண்டு வரி போதும், உங்கள் பதிலைத் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.